நாற்றமில்லாத தீவனம்

"தலைக்கும் ஊத்திக்குங்க டாக்டரம்மா, துணி ஆணியில மாட்டியிருக்குது" என்று கதவுக்கு வெளியிலிருந்து சரசாள் சொன்னாள். தலைக்கும்தான் ஊற்ற வேண்டும். அதைக் கோகிலவாணிக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, அந்தச் சட்டத்தைப் போட்டவளே அவள்தான். கோழிப்பண்ணைக்குள் யார் வந்தாலும், தீவன மில்லின் டாக்டரே வந்தாலும், கேட்டுக்குப் பக்கத்துக் குளியலறையில் உடுத்தி வந்த துணியைக் கழற்றி வைத்துவிட்டு, தலையோடு குளித்து, பண்ணைக்காரர் கொடுக்கிற துணியைப் போட்டுக்கொண்டுதான் குஞ்சு ஷெட்டுக்குப் போக வேண்டும், இன்னொரு பண்ணையின் நோய் தலைமுடியில் ஒட்டிக்கொண்டுகூட வந்துவிடும் என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் எழுதிக் கொடுத்தாள். மில் அதைத் தகரத்தில் அச்சடித்து நாமக்கல் சுற்றுவட்டாரத்தில் எழுபது பண்ணைக்கு விநியோகித்தது. அந்தத் தகரம் இந்தக் கதவுக்கு மேலேயும் தொங்குகிறது, அடியில் அவள் பெயர், பெயருக்குப் பின்னால் படிப்பு, எல்லாம் பளிச்சென்று. தொட்டித் தண்ணீர் வெயிலில் கிடந்து சுட்டது. மணி மூன்று இருக்கும். முதல் சொம்பை ஊற்றிக்கொண்டாள், இரண்டாவதை ஊற்றிக்கொண்டாள், மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். குளித்து முடித்தால் வெளியே போக வேண்டும். வெளியே போனால் எழுபது தப்படியில் ஷெட். ஷெட்டில் பதினோராயிரம் பெட்டைக் குஞ்சு, பதினெட்டு நாள் வயசு, அவள் கணக்குப் போட்டுக் கொடுத்த தீவனத்தைத் தின்றுகொண்டிருக்கிறது. இன்னும் கொஞ்ச நேரம் குளித்தால் ஒன்றும் குடி முழுகிவிடாது என்று சோப்பைத் தேடினாள்.

காலையில் ஒன்பதரைக்கு போன் வந்தது. "கால் இழுக்குதுங் டாக்டரம்மா. முட்டி போட்ட மாதிரி உக்காந்துக்குது, எந்திரிக்க மாட்டேங்குது" என்று சரசாள் சொல்லி முடிப்பதற்குள் கோகிலவாணிக்குத் தெரிந்துவிட்டது. சந்தேகம் என்று சொல்ல முடியாது. தெரிந்துவிட்டது. அதற்கப்புறம்தான் மூளை வந்து சேர்ந்து, இருக்காது, அவசரப்படாதே, காலில் கோளாறு என்றால் நூறு காரணம் இருக்கும் என்று வக்கீல் வேலை பார்க்க ஆரம்பித்தது. இப்போதும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. மாங்கனீசு குறைந்திருக்கலாம். தாதுக்கலவை விற்றவன் மண்ணைக் கலந்து கொடுத்திருக்கலாம். குஞ்சு பொரிப்பகத்திலிருந்தே கால் சரியில்லாமல் வந்திருக்கலாம். சோப்பு நுரை கண்ணில் இறங்கி எரிந்தது. மேரெக்ஸாகக்கூட இருக்கலாம். மேரெக்ஸ் என்பது ஒரு வைரஸ் நோய், குஞ்சு ஒரு காலை முன்னாலும் ஒரு காலைப் பின்னாலும் நீட்டிக்கொண்டு படுத்துவிடும், மருந்து கிடையாது, பாதி ஷெட் காலியாகிவிடும், கடவுளே அது மேரெக்ஸாக இருக்கட்டும் என்று வரும் வழியெல்லாம் ஜீப்பில் அவள் வேண்டிக்கொண்டே வந்திருக்கிறாள், வேண்டிக்கொண்டு வந்தது இப்போது கண்ணெரிச்சலில்தான் அவளுக்கே உறைத்தது. அடிப்பாவி. பதினோராயிரம் குஞ்சுக்கு மருந்தில்லாத நோய் வரட்டும், என் பெயருக்கு ஒன்றும் வரக்கூடாது. இப்படியும் ஒரு பொம்பளை இருப்பாளா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள், கேட்டுக்கொண்டே இந்த வயசில் மேரெக்ஸ் வராது என்பதும் ஞாபகத்துக்கு வந்தது, அதற்கு இன்னும் இரண்டு வாரமாவது போக வேண்டும். இவ்வளவு படித்துத் தொலைத்திருக்கக் கூடாது. கொஞ்சம் குறைவாகப் படித்திருந்தால் இந்நேரம் நிம்மதியாக நம்பிக்கொண்டிருக்கலாம்.

படித்தது மறந்துபோயிருந்தாலும் ஒரு நியாயம் உண்டு. மறக்கவில்லை. கால்நடைக் கல்லூரி விடுதியில் மொட்டைமாடிக்குப் போகிற படிக்கட்டு ஒன்பது படி. இரண்டாம் வருஷப் பரீட்சைக்கு அந்தப் பெயரை அவள் அந்தப் படியில் ஏறி ஏறித்தான் மனப்பாடம் செய்தாள். பாஸ்ஃபடைடில், ஒரு எட்டு, எத்தனாலமைன், ஒரு எட்டு, மெத்தில், அங்கே படிக்கட்டு திரும்பும், டிரான்ஸ்ஃபரேஸ், மாடி. ஈரலில் இருக்கிற ஒரு நொதி. வேலை ரொம்பச் சின்னது. மெத்தில் என்று ஒரு பொட்டலம், ஒரு கரியும் மூணு ஹைட்ரஜனும், அவ்வளவுதான் சரக்கு. அதை எடுத்து ஒட்ட வேண்டும், இன்னொன்று எடுத்து ஒட்ட வேண்டும், மூன்றாவதும் ஒட்டிவிட்டால் உடம்புக்கு வேண்டிய கோலின் தயார். கோலின் இருந்தால்தான் ஈரலில் கொழுப்பு தேங்காமல் நகரும், கால் மூட்டு ஒழுங்காக வளரும், மூட்டின் பள்ளத்தில் பின்நரம்பு, தசையை எலும்போடு கட்டுகிற நாண், நழுவாமல் உட்காரும். பெரிய கோழிக்கு இந்த வேலை தண்ணீர் பட்ட பாடு. குஞ்சுக்கு வராது. குஞ்சின் ஈரலில் அந்த நொதி முதல் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு திணறி நிற்கும், ஆகையால் கோலினைத் தயாராகவே தீவனத்தில் போட்டுவிட வேண்டும். வாய்மொழித் தேர்வுக்கு பெங்களூரிலிருந்து வந்த ஒரு கண்ணாடிக்காரர் இதைத்தான் கேட்டார். பெரிய கோழிக்கு கோலின் போடாவிட்டால்? அதுவே செய்துகொள்ளும் சார். குஞ்சுக்கு? செய்துகொள்ள முடியாது சார், கால் போய்விடும் சார். பத்துக்கு ஒன்பது போட்டார். ஒன்பது. இருபத்திரண்டு வருஷம் கழித்து அந்த ஒன்பது மார்க்கு இப்போது முதுகில் சோப்புப் போடுகிற கையை நிறுத்தி வைத்தது. அப்புறம் தண்ணீரை ஊற்றிக்கொண்டாள்.

ஆணியில் மாட்டியிருந்தது சரசாளின் நைட்டி. பச்சையில் மஞ்சள் பூ, வலது கையில் இஸ்திரிப் பெட்டி சுட்ட ஓட்டையை வெள்ளை நூலால் தைத்திருந்தது. மேலே போட்டுக்கொள்ள ஒரு ஈரிழைத் துண்டு. போட்டுக்கொண்டால் இரண்டு கோகிலவாணி நுழையலாம், அவ்வளவு தொளதொளப்பு. வெயிலில் காய்ந்த வாசமும் அடியில் கொஞ்சம் குஞ்சு வாசமும் அடித்தது. வாசம். அதை நினைக்கக் கூடாது என்று காலையிலிருந்து ஒதுக்கிக்கொண்டே வந்தாள், துணியைத் தலைவழியாக மாட்டுகிற நேரம் பார்த்து வந்து பிடித்துக்கொண்டது. கோலின் மூட்டை நாறும். நாள்பட்ட கருவாட்டை ஈரத்தோடு கட்டிவைத்த மாதிரி ஒரு நாற்றம். காற்றில் இருக்கிற ஈரத்தையெல்லாம் குடித்துக் கல்லாகிப்போகும், வைட்டமினோடு சேர்த்து வைத்தால் வைட்டமினைக் கெடுத்துவிடும், அதனால் மில்லில் அதைத் தனியே ஒரு மூலையில் வைத்து, கடைசியாக மிக்ஸரில் கையால் கொட்டுவார்கள். கொட்டுகிறவர் மாரப்பன், மிக்ஸர் ஆபரேட்டர், இருபது வருஷமாக அந்த நாற்றத்தோடு வீட்டுக்குப் போகிற மனுஷன். கோகிலவாணிக்கு அந்த நாற்றம் பிடிக்காது. அவள் மகள் எட்டாவது படிக்கும்போது பள்ளிக்கூட வாசலில் வைத்து, கொஞ்சம் தள்ளி நில்லும்மா, மேல ஒரு மாதிரி வாசம் வருது என்று சொன்னாள். சின்ன விஷயம்தான். ஆனால் கோலினுக்குப் பதிலாகப் போடலாம் என்கிற பீட்டைன் மூட்டையை முதல் தடவை பிரித்தபோது, வெள்ளை வெளேரென்று சர்க்கரை மாதிரி, ஒரு வாசமும் இல்லாமல், அப்போது அவளுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று யோசித்தால், அந்தப் பள்ளிக்கூட வாசல் அவ்வளவு சின்ன விஷயமும் இல்லை. போன சித்திரை வெயிலில் முட்டைக்கோழித் தீவனத்தில் கோலினை எடுத்துவிட்டு பீட்டைனைப் போட்டாள். பீட்டைனும் மெத்தில் பொட்டலம் கொடுக்கும். பெரிய கோழிதானே, வாங்கி ஒட்டிக்கொண்டது, ஒரு முட்டை குறையவில்லை. டீலர்கள் கூட்டத்தில் முதலாளி அவளுக்குப் பொன்னாடை போட்டார். போதாக்குறைக்கு ஒரு கைக்கடிகாரம் வேறு. அந்தக் கடிகாரத்தை இப்போது கழற்றித் துணிக்கு நடுவில் வைத்திருக்கிறாள், அதுவும் பண்ணைக்குள் வரக்கூடாது, அவள் போட்ட சட்டம்.

கதவைத் திறந்தால் சரசாள் குடையோடு நின்றுகொண்டிருந்தாள். ஐம்பது ஐம்பத்திரண்டு வயசு, ஒல்லி, புருஷன் திருப்பூருக்குப் போனவர் போனவர்தான், மூன்று ஷெட்டையும் தனி ஆளாகப் பார்க்கிறாள். "என்ற துணி உங்களுக்குத் தொங்குதுங்" என்று லேசாகச் சிரித்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தது. "பரவால்லக்கா" என்றாள் கோகிலவாணி. ஊதா நிற மருந்துத் தண்ணீரில் இரண்டு காலையும் முக்கி எடுத்து நடந்தார்கள். எழுபது தப்படி. பாஸ்ஃபடைடில். வேண்டாம், அதைச் சொல்லாதே. எத்தனாலமைன். காலுக்கும் அந்தப் பெயருக்கும் எப்போதோ முடிச்சு விழுந்துவிட்டது, நடந்தால் வருகிறது. அன்றைக்குப் பேனா நின்றது. அதுதான். மற்றது எல்லாவற்றுக்கும் ஒரு சமாதானம் கிடைத்துவிடுகிறது, அதற்கு மட்டும் கிடைக்கவில்லை. குஞ்சுத் தீவனத்துக்கான தாளில், கோலின் என்ற வரியை அடித்து, பீட்டைன் என்று எழுதி, கையெழுத்துப் போடப் போகும்போது பேனா நின்றது. ஒரு நொடி. ஏதோ ஒன்று உள்ளே தட்டியது. மணி பதினொன்றே முக்கால், காலையில் சாப்பிடவில்லை, கீழே லாரிக்காரன் ஆரன் அடிக்கிறான், கோலின் மூட்டை எட்டும் மழையில் கல்லாகிக் கிடக்கிறது, புது மூட்டை வர நாலு நாள் ஆகும், சோயாவிலேயே கொஞ்சம் கோலின் இருக்கிறதே, முட்டைக்கோழி ரகம்தானே இதுவும். முட்டைக்கோழி ரகம்தான், ஆனால் குஞ்சு. பொட்டலத்தைக் கூடைகூடையாகக் கொண்டுபோய் இறக்கினால் மட்டும் ஆயிற்றா, ஒட்ட ஆள் இல்லையே. அது அவளுக்குத் தெரியும். தெரிந்தது வந்து கதவைத் தட்டியது, தட்டியதை அவள்தான் அப்புறம் வா என்று அனுப்பினாள். கையெழுத்துப் போட்டாள். தாளை வாங்கிப் படித்துவிட்டு மாரப்பன் போகாமல் நின்றார். "ஏனுங்கம்மா, குஞ்சுக்குக் கோலின் மூட்டை போட வேண்டாமுங்களா?" கேட்டாரே. எட்டாவது வரை படித்த மனுஷன், கேட்டாரே. "பேப்பர்ல இருக்கறதைப் போடுங்க" என்று அவள் சொன்னாள், கொஞ்சம் வெடுக்கென்றே சொன்னாள். அவர் சரிங்கம்மா என்று போய்விட்டார்.

"நான் ஒண்ணு சொல்லோணுங் டாக்டரம்மா" என்றாள் சரசாள். கோகிலவாணிக்குக் காலில் கல் தடுக்கியது. தெரிந்துவிட்டதா. மாரப்பன் சொல்லியிருப்பாரா. இல்லை, மாரப்பன் அப்படிப்பட்ட ஆள் இல்லை. "என்னக்கா" என்றாள், குரல் ஒழுங்காகத்தான் வந்தது. "மொதல்ல நீங்க குஞ்சைப் பாருங்க, அப்பறம் சொல்றேன்" என்று சரசாள் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். மறுபடி நடந்தார்கள். வாசத்தைப் பற்றித்தான் சொல்லப் போகிறாளோ. தீவனம் போய் ஒரு வாரம் இருக்கும், சரசாளே போன் செய்து, "இந்தத் தடவை தீவனத்துல நாத்தமே இல்லீங், மூட்டையைப் பிரிச்சா சும்மா கம்முனு இருக்குது, நல்லா பண்ணியிருக்கறீங்" என்று பாராட்டினாள். கோகிலவாணி என்ன செய்தாள்? சந்தோஷப்பட்டாள். அப்போதும் உள்ளே ஒன்று தட்டியிருக்க வேண்டும், தட்டவே இல்லை. அன்றைக்கே தட்டியிருந்தால் குஞ்சுக்கு ஒன்பது நாள் வயசு, ஒரு கால் கெட்டிருக்காது. நன்றாக இருக்கிறது என்று ஒருத்தர் சொன்னால் அதைக் கேட்டுக்கொண்டு நிற்பதில் அவ்வளவு சுகம். கிளம்பும்போது முதலாளி சொன்னது வேறு பின்னாலேயே வருகிறது. மெதுவாகத்தான் சொன்னார், நல்ல மனுஷன், அதட்ட மாட்டார். "அம்மிணி, போனதும் தரையில பரப்புன உமி ஈரமா இருக்குதான்னு பாருங்க. ஈரமில்லாத குஞ்சு ஷெட்டு எங்க இருக்குது, சொல்லுங்க பாக்கலாம். ஈரத்துல வழுக்கி வழுக்கித்தான் கால் போகும். அதுக்கு மேல நாம ஒண்ணும் பேச வேண்டியதில்ல." அவரும் ஃபார்முலாத் தாளைப் பார்த்திருக்கிறார். அவளும் சரிங்கண்ணா என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். சரிங்கண்ணா. அந்தச் சொல்லைப் போல வசதியான சொல் தமிழில் வேறு இல்லை.

ஷெட்டுக்குள் நுழைந்ததும் சத்தம் வந்து முகத்தில் அடித்தது, பதினோராயிரம் குஞ்சு ஒரே சமயத்தில் கீச்சிடுகிற சத்தம், அதில் மனசுக்குள் ஓடுகிறதுகூடக் காதில் விழாது, அதுவே ஒரு நிம்மதி. கோகிலவாணி ஓரமாக நின்று ஓங்கிக் கைதட்டினாள். இப்படித் தட்டினால் நல்ல குஞ்சு மிரண்டு ஓடும், ஓடாததை எண்ண வேண்டும், அதுதான் முறை. பழுப்பும் வெள்ளையுமாகத் தரை முழுக்க அலையாக விலகி ஓடியது. ஓடிய இடத்தில் அங்கங்கே மிச்சம் நின்றது. நிற்கவில்லை, உட்கார்ந்திருந்தது. முட்டியைத் தரையில் ஊன்றி, தலையை மட்டும் நிமிர்த்திக்கொண்டு, ஓட வேண்டும் என்று தெரிகிறது, சிறகை அடிக்கிறது, உடம்பு கேட்கவில்லை. ஒன்று, இரண்டு, ஐந்து, பதினொன்று, அந்தக் கம்பத்துக்கு அந்தப் பக்கம் மூன்று. எண்ணுகிறதை நிறுத்திவிட்டாள். பக்கத்திலிருந்த ஒன்றைக் குனிந்து எடுத்தாள். சூடாக இருந்தது, எடையே இல்லை. மேரெக்ஸ் என்றால் கால் தளர்ந்து நீட்டிக்கொண்டு இருக்கும். இது மடங்கியிருந்தது. முட்டி மூட்டு வீங்கித் தட்டையாகி, தோலுக்கு அடியில் ஊசி முனை அளவு ரத்தப்புள்ளிகள். காலின் கீழ்ப்பாகம் வெளிப்பக்கமாகத் திருகியிருந்தது. பெருவிரலை மூட்டின் பின்னால் வைத்து மெதுவாகத் தடவினாள். நரம்பு பள்ளத்தில் இருக்க வேண்டும். பள்ளம் காலியாக இருந்தது. நரம்பு பக்கத்தில் நழுவிக் கிடந்தது, விரலால் தள்ளினால் பள்ளத்துக்குள் போகிறது, விரலை எடுத்தால் மறுபடி நழுவுகிறது. தள்ளினாள், நழுவியது. தள்ளினாள், நழுவியது. மூன்றாவது தடவையும் தள்ளிப் பார்த்தாள். மூளைக்குள்ளிருந்த வக்கீல் வாயை மூடிக்கொண்டார். குஞ்சைக் கீழே விட்டுவிட்டு, என்ன நினைத்தாளோ, ஒரு கை உமியை அள்ளிப் பிடித்து இறுக்கினாள். ஈரமாக இருந்தால் கொழுக்கட்டையாக நிற்கும். கையைத் திறந்தாள், உதிர்ந்து போனது. தண்ணீர்க் குழாய்க்கு அடியில் போய் அள்ளினாள். அங்கே கொஞ்சம் நின்றது. கொஞ்சம்தான். ஆனால் நின்றது. அந்த உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு அவள் நின்றாள்.

"அதுதானுங்" என்று பின்னாலிருந்து சரசாள் சொன்னாள். கோகிலவாணி திரும்பினாள். "நான் சொல்லோணும்னு சொன்னது அதுதானுங் டாக்டரம்மா. போன வெள்ளிக்கெழமை என்ற தங்கச்சி புள்ளைக்கு சீருங். காலையில போயிட்டுப் பொழுதோட வந்துர்லாம்னு விட்டுப்போட்டுப் போயிட்டேன். வந்து பாத்தா குழாய் ஒழுகிக் கெடக்குது, அந்த ஓரம் பூராவும் உமி சதசதன்னு. அப்பவே அள்ளி வெளிய போட்டுட்டு புது உமி போட்டனுங். ஆனா நாலாம் நாளு கால் இழுக்க ஆரம்பிச்சிருச்சு. மொத நாளு நாலு, அடுத்த நாளு பதினொண்ணு, அப்பறம் நாப்பது, அறுபது. தண்ணிக்கு எட்டாம கெடந்து சாகறதைப் பாக்க முடியாம நானே கழுத்தைத் திருகிப் போடறேன். தங்கச்சி வீட்டுல பந்தியில உக்காந்து சிரிச்சுப் பேசிட்டிருந்தனுங் நானு, அன்னைக்கு. இங்க குழாய் ஒழுகிட்டிருந்திருக்குது." அழவில்லை. காய்ந்த குரலில் சொன்னாள், போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கிறவள் மாதிரி. கோகிலவாணியின் கையில் அந்த உமி உருண்டை இருந்தது. தலையை ஆட்டினால் போதும். ஆமாக்கா, ஈரம்தான், இனிமே பாத்துக்குங்க. ஏழெட்டுச் சொல். சொல்லக்கூட வேண்டாம், கையிலிருக்கிறதைக் காட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினால் போதும். மில் பிழைக்கும், தகரத்தில் இருக்கிற பெயர் பிழைக்கும், நாளையே சத்தமில்லாமல் கோலின் போட்ட மூட்டையை அனுப்பிவிடலாம், மிச்சக் குஞ்சும் பிழைக்கும், யாருக்கு நஷ்டம்? இவளுக்கு மட்டும்தான், இவள் இனிமேல் ஒரு கல்யாணம் காட்சிக்குப் போக மாட்டாள். போனாலும் பந்தியில் உட்கார்ந்து சிரிக்க மாட்டாள். வாயைத் திறந்தாள். மூடினாள். குஞ்சுச் சத்தம் காதை அடைத்தது. இன்னொரு தடவை திறந்தாள், "அக்கா" என்று மட்டும் வந்தது, நின்றுவிட்டது, முதல் படியிலேயே தடுக்கி நிற்கிறது, குஞ்சின் ஈரலில் அந்த நொதியும் இப்படித்தான் நிற்கும் போல, கையில் சரக்கை வைத்துக்கொண்டு. பெங்களூர்க்காரர் கண்ணாடிக்கு மேலே பார்க்கிறார். மாரப்பன் தாளோடு நிற்கிறார். போகாமல் நிற்கிறார். தைத்த நைட்டிக் கையின் வெள்ளை நூல் மணிக்கட்டில் உரசியது, சரசாளின் தையல், பெரிய பெரிய தையல், அவசரத்தில் போட்டது.

"குழாயில்லக்கா" என்றாள். உருண்டையைக் கீழே போட்டாள். "ஈரத்துல இப்படி ஆகாது. தீவனத்துல கோலின்னு ஒண்ணு போடணும், குஞ்சுக்கு அது கண்டிப்பா வேணும், பெரிய கோழி மாதிரி அதுக்கு உடம்புலயே செஞ்சுக்க முடியாது. அதை நான் எடுத்துட்டேன். மாரப்பன் கேட்டாரு, போட வேண்டாமான்னு. வேண்டாம்னு நான்தான் சொன்னேன். தெரியாம எடுக்கலக்கா. தெரியும். தெரிஞ்சும் எடுத்தேன்." சொல்லி முடித்தபோது மூச்சு வாங்கியது, மாடிப்படி ஏறினவளுக்கு வாங்குகிற மாதிரி. சரசாள் குடையை மடக்காமலே ஷெட்டுக்குள் கொண்டுவந்துவிட்டதை இப்போதுதான் பார்த்தவள் மாதிரி அதை மடக்கிச் சுவரில் சாய்த்தாள். அப்புறம் கேட்டாள். "அந்த நாத்தம் அதுதானுங்களா?" "ஆமாக்கா." "நாத்தமில்லைன்னு நான் போன்ல சொன்னனே." "சொன்னீங்க." "கோணுன காலு நேராவுங்களா?" "நழுவுனது நேராகாதுக்கா. நழுவாததைக் காப்பாத்தலாம். பொழுதுக்குள்ள மூட்டை வந்தாகணும். நானே போயி ஏத்திட்டு வர்றேன், இருக்கற தீவனத்தைப் பூராவும் இன்னைக்கே மாத்தீர்லாம்." சரசாள் ஓரத்தில் தகரம் வைத்துத் தடுத்திருந்த இடத்துக்குப் போனாள். கால் போனதையெல்லாம் அங்கே விட்டிருந்தாள், தட்டில் தண்ணீர் தாழ்வாக வைத்திருந்தாள், அப்படியும் சிலதுக்கு எட்டவில்லை. குனிந்து ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"எழுவத்தி மூணு திருகியிருக்கறனுங், நாலு நாள்ல" என்றாள். "ஒவ்வொண்ணுகிட்டயும் மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் திருகுனேன். என்ற தப்புனால போவுதேன்னு." குஞ்சை நீட்டினாள். கோகிலவாணி கையை நீட்டவில்லை. கல்லூரியில் அறுத்துப் பார்க்கிற வகுப்பில்கூட முதலில் உயிர் எடுக்கிற வேலையை அட்டெண்டர்தான் செய்வார், அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பாள், மில்லிலும் அப்படித்தான், அவளுடைய வேலை எல்லாம் தாளில்தான், இத்தனை வருஷமும் தாளில்தான். "அக்கா, எனக்கு இது..." என்றாள். "தெரியாதுங்களா? நான் சொல்றேன்" என்று சரசாள் அவள் கையைப் பிடித்து விரித்து அதில் குஞ்சை வைத்தாள். கரடுமுரடான கை. "பெருவெரலு இங்க, தலைக்குப் பின்னால. இந்தக் கையில காலைச் சேத்துப் புடிங்க. பட்டுனு பண்ணிரோணும், பாதியில விட்டா அதுக்குத்தான் நோவு." கோகிலவாணி பெருவிரலை அங்கே வைத்தாள். விரலுக்கு அடியில் துடித்துக்கொண்டிருந்தது. கழுத்து இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று அவள் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. கண் நிறைந்து சரசாளின் முகம் கலங்கித் தெரிந்தது. "மன்னிச்சிருங்கக்கா" என்றாள்.

"எங்கிட்ட இல்லீங் டாக்டரம்மா" என்றாள் சரசாள். "அதுகிட்டச் சொல்லுங்."

கோகிலவாணி குனிந்தாள்.